இரண்டாகப் பிரிந்த சிஸ்டமும் என் எம்ப்ராய்டரி மெஷினும்

தாராவியில் என் பட்டறை எம்ப்ராய்டரி மெஷினை ஓட்டுவது பலர் சேர்ந்து எழுதி இலவசமாகத் தரும் ஒரு ஓப்பன் சோர்ஸ் கம்ப்யூட்டர் சிஸ்டம். இன்று காலை அதைப் பார்க்கக் குர்லாவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் செல்வம் வந்தான்.

"அண்ணே, இதைச் செய்யுதவங்களுக்குள்ள சண்டை. சிஸ்டம் ரெண்டாப் பிரிஞ்சிட்டு. பழசுக்கு இனி அப்டேட் வராது. நீங்க எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் போனா மெஷின் ஓடும்டே?"

"ஒரு பக்கம் மெஷின் ஓடும், பில் பிரிண்டர் ஓடாது. மத்தப் பக்கம் பிரிண்டர் ஓடும், மெஷின் டவுட்டு."

இரண்டு தரப்பு அறிவிப்பையும் படித்தேன். 'பயனர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை' என்று இருவருமே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் சந்தில் கணபதி விழா நடத்தும் கமிட்டி பிரிந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். இப்போது இரண்டு பந்தல், இரண்டு ஸ்பீக்கர், நடுவில் என் வீடு.

மதியத்திலிருந்து மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ஏற்கெனவே அப்டேட்டை அமுக்கியவர்கள் சொல்லுங்கள், உங்கள் பக்கம் ஸ்பீக்கர் சத்தம் எப்படி?