பூட்டு அண்ணனின் கட்டைவிரல்

எங்கள் தெரு சலூன்காரருக்குப் பூட்டு என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. அதை ஓட்டுப் போடும் நாளில்தான் யாராவது உரக்கப் படிப்பார்கள். யார் மீசையில் சாயம், யார் தலையில் டோப்பா, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்க வைக்கப் பல் டாக்டரால்தான் முடியும். அந்த டாக்டருக்கே பாதி வாய்தான் கிடைத்தது.

டோப்பாக்காரர் யாராவது வந்தால் பூட்டு ஷட்டரைப் பாதி இறக்குவார். கண்ணாடி மேல் பச்சைத் துண்டைப் போடுவார். கண்ணாடிகூடப் பார்க்கக் கூடாதாம். அதற்குப் பிறகுதான் டோப்பாவைக் கழற்றுவார், தூங்குகிற பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி.

அப்படி வருகிறவர்களில் பெரிய புள்ளி, மேடைப் பாடகர். சுருட்டை முடியை அவர் ஒரு சிலுப்பு சிலுப்பினால் முன்வரிசைக்கு மின்விசிறியே வேண்டாம். அத்தனையும் டோப்பா. உள்ளே தலை, தேய்த்துக் கவிழ்த்த குண்டான். பாட்டுக்குப் பாதி, சிலுப்பலுக்குப் பாதி என்றுதான் கூட்டம் வருகிறது என்பது அவருக்கே தெரியும்.

டோப்பா பழசாகிவிட்டது. புதிதாக எது பொருந்தும் என்று பார்க்கப் பூட்டு தன் செல்போனில் ஒரு ஆப்பை இறக்கினார். தலையைப் படம் பிடித்தால் அதுவே விதவிதமாக முடி வைத்துக் காட்டுமாம். ஷட்டரை இறக்கி, துண்டைப் போட்டு, எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டு வழுக்கையைப் படம் பிடித்தார். நிபந்தனைகள் வந்தன. கிணற்றுக் கயிறு மாதிரி இறங்கிக்கொண்டே போயின. கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளி, அடியில் இருந்த ‘சம்மதம்’ என்பதை அமுக்கினார். வாய்க்குப் பூட்டுப் போட்ட மனுஷன் விரலுக்குப் போட மறந்துவிட்டார்.

கொஞ்ச நாள் போனது. கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டே செல்போன் பார்த்த அவர் மனைவி கேட்டார்:

“ஏங்க, நம்ம பாடகருக்கு அண்ணன் யாராச்சும் இருக்காங்களா?”

“தெரியாது.”

“இந்த முடித் தைலம் விளம்பரத்தைப் பாருங்க. இந்தப் பக்கம் வழுக்கை, அந்தப் பக்கம் காடு. மூஞ்சி அப்படியே அவரை உரிச்சு வெச்சிருக்கு.”

பூட்டு எட்டிப் பார்த்தார். வழுக்கைக்குப் பின்னால் அவருடைய பச்சைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே வாரத்தில் ஊர் பாடகருக்கு ஒரு அண்ணனைப் பெற்றெடுத்துவிட்டது. தம்பிக்கு அத்தனை முடி, அண்ணனுக்கு ஒன்றுமில்லையே என்று பாவப்பட்டார்கள். அந்த அண்ணனுக்குப் பெண் கொடுக்கக்கூட ஒரு வீட்டில் பேச்சு நடந்தது.

பாடகர் கடைக்கு வந்து, தானே ஷட்டரை முழுசாக இறக்கினார்.

“யார்கிட்டண்ணே சொன்னீங்க?”

“என் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலப்பா.”

“நான் வீட்லதானே இருந்தேன், என் தலை மட்டும் எப்படி ஊர் சுத்துது?”

பூட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். “சொல்லல. அமுக்கிட்டேன்.”

“அதுக்கு வாயாலயே சொல்லியிருக்கலாம், நாலு பேரோட நின்னிருக்கும். நாளைக்கு எவனாவது சந்தேகத்துல என் முடியைப் புடிச்சு இழுத்தா என் பொழைப்பு போச்சு. உங்களதும்தான். இனி எந்த டோப்பா உங்களை நம்பி வரும்?”

பூட்டு அந்தக் கம்பெனிக்குச் செய்தி அனுப்பினார். ‘உங்கள் தனியுரிமையே எங்கள் மூச்சு’ என்று உடனே பதில் வந்தது. படத்தை நீக்க வேண்டுமானால், தலை தங்களுடையதுதான் என்று உறுதிசெய்ய, முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் புதிய படங்கள் அனுப்பவும் என்று கேட்டிருந்தது.

“ஒரு தலை பத்தலையாம்,” என்றார் பாடகர்.

கடைசியில், பாடகரின் அனுமதியோடு, பூட்டு தன் மச்சினியிடம் போனார். அவள் வக்கீல். நிபந்தனைகளைக் கழுத்து சுளுக்கும்வரை படித்தாள்.

“அத்தான், உலகம் முழுக்க, காலம் உள்ளவரைக்கும், இனிமே கண்டுபிடிக்கப்போற மெஷின்லயும் காட்டலாம்னு போட்டிருக்கான். செவ்வாய் கிரகத்துக்கு ஆள் போனா இந்த வழுக்கைதான் முதல்ல வரவேற்கும்.”

“ஐயோ, வழியே இல்லையா?”

“இருக்கு. அவர் தலைக்குச் சம்மதம் சொல்ல நீங்க யாரு? தலை அவரோடது, விரல் உங்களோடது. நுகர்வோர் மன்றத்துக்குப் போவோம்.”

மன்றத்தில் கம்பெனி வக்கீல் எழுந்து பாடகரைக் காட்டினார். “அம்மா, இவரோட அடையாள அட்டையில முடி இருக்கு. எங்க படத்துல இல்ல. அது இவரோட அண்ணனாத்தான் இருக்கணும். ஊரே அப்படித்தான் சொல்லுது.”

மன்றத் தலைவி பூட்டைக் கூப்பிட்டார். “படம் எடுத்தவர் நீங்கதானே. அந்தத் தலை இவரோடதா?”

பூட்டின் வாய் அசையவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் காப்பாற்றிய பேர் போகும். சொல்லாவிட்டால் பாடகரின் தலை செவ்வாய்க்குப் போகும்.

“நடக்கட்டும்ணே,” என்றார் பாடகர். “நான் சம்மதிக்கிறேன். என் வாயாலயே.”

“எனக்கு வாயால வராதும்மா,” என்றார் பூட்டு தலைவியிடம். “கதவைச் சாத்திக்கலாங்களா?”

தலைவி தலையசைத்தார். மச்சினி கதவைச் சாத்தினாள். பூட்டு தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து, புத்தக அலமாரியின் கண்ணாடி மேல் போட்டார். அப்புறம் பூனைக்குட்டியைத் தூக்கினார். டியூப்லைட் வெட்கப்பட்டது. தலைவி படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உச்சியில் இருந்த மச்சம் இரண்டிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

விளம்பரத்தை உடனே நீக்க வேண்டும், தீர்ப்பில் யார் பெயரும் வெளிவரக் கூடாது என்று உத்தரவானது. விளம்பரம் மறைந்தது. அண்ணன் வெளிநாடு போய்விட்டதாக ஊரே பேசிக்கொண்டது.

அடுத்த முறை பாடகர் வந்தபோது, பூட்டு ஷட்டரை இறக்கிவிட்டுக் கேட்டார்.

“துண்டு போத்தலாமா?”

“போத்துங்க.”

“டோப்பாவை எடுக்கலாமா?”

“எடுங்கண்ணே.”

“காதோரம் ஒதுக்கலாமா?”

“இருக்கறதே ஏழெட்டு முடி. அதுக்கும் அனுமதி கேட்டா விடிஞ்சிரும்.”

அதற்குள் பாடகரின் செல்போன் சிணுங்கியது. அவர் பார்க்காமலே ஒரு அமுக்கு அமுக்கினார்.

“அது என்னப்பா?” என்றார் பூட்டு.

“தெரியலண்ணே. குறுக்கால ஏதோ வந்துச்சு.”

பூட்டு செல்போனை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி, மேசை மேல் வைத்து, டோப்பாவை எடுத்து அதன் மேல் கவிழ்த்தார்.