முதலில் இறுகுவது தாடை

பணிமனையில் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். பேருந்து ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால், எதிரில் நிற்பவர் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓட வேண்டியதுதான்.

ஒரு நாள் மேம்பாலத்தின் நடுவில், இறங்குமிடத்தைத் தவறவிட்ட ஒருவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "பொம்பளை கையில ஸ்டியரிங்க குடுத்தா இப்படித்தான்" என்றார். அவ்வளவுதான். இன்ஜினை அணைத்தாள். தானும் இறங்கி, அவரையும் இறக்கி, பாலத்திலேயே பிடிபிடியென்று பிடித்தாள். பின்னால் வண்டிகள் வால்போல நீண்டன. ஆள் வாயடைத்துப் போனார். வென்றுவிட்ட மிதப்பில் அவள் ஏறி வந்தபோது, முன் இருக்கையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள்; நேரம் தப்பிவிட்டது.

"உங்கள திட்டினது அவரு. நான் என்னக்கா பண்ணேன்?"

மிளகாய் வண்டியைக் கிளப்பினாள். மேலிடம் அவளைச் சில மாதம் வண்டி கழுவ அனுப்பியதுகூட அவ்வளவு உறுத்தவில்லை. அந்தக் கேள்விதான் உறுத்தியது.

சோப்பு நுரைக்கு நடுவே நின்று யோசித்தாள். கோபம் திடுதிப்பென்று வருவதாகத்தான் அதுவரை நினைத்திருந்தாள். கவனித்துப் பார்த்தால், அது சொல்லிவிட்டுத்தான் வந்தது. முதலில் தாடை இறுகும், பிறகு காது சுடும், அப்புறம்தான் வாய். தாடையிலேயே பிடித்துவிட வேண்டும். வீட்டில் பழகிப் பார்த்தாள். கணவன் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டான். பல்லைத் தளர்த்தி, மூச்சை நீளமாக விட்டு, "அத எடுத்துக் காயப் போடுங்க" என்றாள். அவன் மிரண்டுபோய், "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான்.

மறுபடி ஓட்ட வந்தவள் தலையில், கிளட்ச் இறுகிப்போன பழைய வண்டியையே சூப்பர்வைசர் தினமும் கட்டினார். முன்பும் இதே வண்டிக்காக அவள் பலமுறை கத்தியிருக்கிறாள். "இதுக்குத்தான் இவகிட்ட பேசவே முடியறதில்ல" என்று அவர் நழுவிவிடுவார். வண்டிப் பேச்சு அவள் வாயைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். இம்முறை, எல்லா ஓட்டுநர்களும் கூடியிருந்த ஒரு காலையில் அவர் மேசைமுன் போய் நின்றாள்.

"சார், அந்தக் கிளட்ச மிதிச்சு மிதிச்சு முட்டி வீங்கிப் போச்சு. எல்லாரும் முறை வச்சு ஓட்டட்டும்."

"ஆரம்பிச்சாச்சா?"

காது சுட்டது. தாடையைத் தளர்த்தினாள்.

"இன்னும் ஆரம்பிக்கல சார். முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் வெடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். வெடிக்கவில்லை, இடத்தைவிட்டு நகரவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில் மென்று விழுங்கி, "சரி, நாளையிலேர்ந்து மாத்திடறேன்" என்றார்.

மாற்றினார். முறை வந்த ஆளெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து புலம்பியதில், கிளட்ச் சீக்கிரமே பழுது பார்க்கப்பட்டது.

"இவ்வளவு மோசம்னு முன்னாடியே சொல்லிருக்கலாமே" என்றார் ஓர் ஓட்டுநர்.

"சொன்னேனே. உங்களுக்குக் கத்தல் மட்டும்தான் கேட்டிருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவள் தன் வண்டியில் ஏறினாள்.