அக்கா வீட்டு அகலத் திரை

கடையில் அவருக்கு 'முழம்' என்று பெயர். டிவி வாங்குகிறவர்களின் வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டிக் கொடுப்பது அவர் வேலை. கையை நீட்டி அளக்காமல் ஒரு துளைகூடப் போட மாட்டார் என்பதால் வந்த பெயர் அது.

அவர் அளப்பது சுவரை அல்ல, ஆளை. வீட்டுக்காரரை வழக்கமான நாற்காலியில் உட்காரவைத்து நேரே பார்க்கச் சொல்லுவார். பின்னால் நின்று, சிவப்புப் பிடி போட்ட இரண்டு ஸ்க்ரூடிரைவர்களைக் காதோரமாக மெல்ல முன்னே கொண்டுவருவார். "தெரிஞ்சதும் சொல்லுங்க." காதைத் தாண்டியதுமே பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். மேலிருந்து இறக்கினால் புருவம் மறைக்கும், கீழிருந்து ஏற்றினால் கன்னம்.

"கண்ணு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணா இருந்திருந்தா டிவியையும் நெட்டுக்குத்தா செஞ்சிருப்பாங்க" என்பார்.

அது மட்டும்தான் காரணமா என்று அவருக்கே சந்தேகம். ஓரத்தில் தெரிவது வெறும் அசைவு. ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. பிறகு எதற்கு அந்த ஓரம்? பேருந்தில் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்; மூக்கு சுவராக எழும்பும். மறு கண்ணை மூடுவார். எதிரே இருப்பவர்கள் இடம் மாறி உட்கார்ந்ததும் உண்டு.

அளக்காமல் அவர் மாட்டியது ஒரே வீட்டில்தான். தையல் வேலை செய்யும் அக்கா வீடு. "பொறந்ததுலேர்ந்து பாக்குற மூஞ்சி, இதுக்கென்ன அளவு" என்று கண்மதிப்பாக மாட்டிவிட்டு வந்தார்.

மறுவாரமே அக்கா கூப்பிட்டாள். "இவ்வளவு அகலம் எதுக்குடா? ரெண்டு பக்கமும் வீணாக் கெடக்கு. பேசுறவன் ஓரத்துக்குப் போனா ஆளையே காணோம். பழைய பொட்டியே தேவலை."

ஊரெல்லாம் மெச்சும் வேலைக்குச் சொந்த அக்காவிடம் இந்தப் பேச்சு. மதியமே போனார். டீ கொண்டுவந்தவளின் தோள் கதவில் இடித்தது.

"டிவி அகலம்ங்குற. கதவையில்ல அகலமா வச்சிருக்கணும்."

"கிண்டல் பண்ணாம ஒழுங்கா அளந்து மாட்டு."

உட்காரவைத்துப் பின்னால் போய் நின்றார். ஸ்க்ரூடிரைவர்கள் காதைத் தாண்டின, நெற்றிப்பொட்டைத் தாண்டின. அக்கா பேசவில்லை. கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்தபோது, "ஆங், இப்ப" என்றாள்.

"விளையாடாதக்கா."

"நான் எங்கடா விளையாடுறேன்? நீதான் இவ்வளவு நேரம் கொண்டே வரலையே."

மறுபடி செய்தார். அதே இடம். ஊசியில் இன்றைக்கும் ஒரே தடவையில் நூல் கோர்ப்பாள். நேரே இருப்பது அவ்வளவு தெளிவு. ஓரம் கரைந்துகொண்டே வந்தது அவளுக்கே தெரியவில்லை.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. போன பார்வை திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

டிவியை அவர் கழற்றவில்லை. நாற்காலியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே இழுத்தார். முதுகு எதிர்ச்சுவரைத் தொட்டபோது அக்கா போதும் என்று கையைக் காட்டினாள்.

"ரெண்டு ஓரமும் உள்ள வந்துடுச்சு. ஆனா ஆளுங்கதான் கட்டை விரல் அளவுக்கு ஆயிட்டாங்க."

சிவப்புப் பிடி ஸ்க்ரூடிரைவர்கள் இப்போது அக்கா வீட்டிலேயே இருக்கின்றன. 'இப்ப' என்று அவள் சொன்ன இடத்துக்கு நேராக, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் பென்சிலால் ஒரு கோடு. மாதம் ஒருமுறை வந்து பின்னால் நிற்கிறார்.

"இப்ப."

அவர் குனிந்து கோட்டைப் பார்க்கிறார். அக்கா தலையைத் திருப்பாமல் காத்திருக்கிறாள்.

"அங்கேயேதான்கா."

"அப்ப டீயைக் குடி, ஆறுது."