பாட்டுத் தகராறு

போன வாரம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருந்து எனக்கு அவசர அழைப்பு. இந்த வயதில் எனக்கென்ன ஹாஸ்டல் என்கிறீர்களா? நான் அங்கே ஒரு பெண்ணுக்கு 'லோக்கல் கார்டியன்'!

அந்தப் பதவி எனக்கு வந்த கதை சின்னது. இப்போது சென்னையில் இருந்தாலும், பொன்னேரி பக்கம் காட்டூர்தான் என் ஊர். அங்கே எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவந்து கொடுப்பவர் வேலு. பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர். அவர் மகள் ரேவதிக்குச் சென்னையில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் சேர சென்னைக்காரர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமாம். "உன்னைத் தவிர அங்க யார்க்கா எனக்கு?" என்றார். மறு பேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

போடுவதற்கு முன்னால் ரூல்ஸை யாராவது படிப்பார்களா? நானும் படிக்கவில்லை. போன வாரம் வார்டன் அறைக்கு வெளியே காத்திருந்தபோதுதான் சுவரில் பார்த்தேன். ஹீட்டர் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. இருட்டியபின் கேட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே, பேனாவால் புதிதாக — கருவாடு கூடாது! சரிதான், நம்ம பெண் வந்து சேர்ந்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் சிரிப்பு போய்விட்டது. ரேவதி அழுது முகம் வீங்கி நின்றாள்.

"ராகிங் மேடம்" என்றார் வார்டன். "ஜூனியர் பொண்ணை பாத்ரூம்ல அடைச்சு, கதவைத் தட்டித் தட்டிப் பாடச் சொல்லியிருக்கா. காலைல என் காதாலயே கேட்டேன். வெளியே இவ 'பாடு, பாடு'ன்னு கத்தறா... உள்ளே அந்தக் குழந்தை பாடுது!"

ராகிங் என்றால் விளையாட்டா? ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிடுவார்கள். பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படிக்க முடியுமா? ஹாஸ்டல் போனால் படிப்பும் போச்சு.

"அத்தே, நான் இன்னா பண்ணேன்? என் பாடுன்னுதானே சொன்னேன்!" என்று ரேவதி விசும்பினாள்.

"பார்த்தீங்களா, ஒத்துக்கறா" என்றார் வார்டன்.

ஜூனியரைக் கூப்பிட்டார்கள். ஈரோட்டுப் பெண், பெயர் ஸ்வேதா. பயந்துபோய் இருந்தாள். "யாரும் பாடச் சொல்லல மேம். குளிக்கும்போது நானாத்தான் பாடுவேன். தப்பு என் மேலதான்... அது அக்காவோட பாடு."

"அவ எங்கே பாடினா? பாடினது நீதானே?"

"பாடினது நான்தான் மேம். ஆனா பாடு அவங்களுது."

வார்டன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காட்டூர்க்காரிக்குத் தெரியாதா அந்த வார்த்தை?

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம். வலைகளோ நிறைய. அதனால் ஊர்கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. இன்று உன் பாடு என்றால், அந்த இடத்தில் நீதான் வலை போடலாம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மற்றவன் கை வைக்க முடியாது. வைத்தால் தகராறுதான்.

ரேவதியின் மாடியில் ஒரே ஒரு பாத்ரூமில்தான் தண்ணீர் ஒழுங்காக வருமாம். தினமும் வாளிச் சண்டை. இவள் அறைக்கு அறை சீட்டுக் குலுக்கி, பாடு பிரித்துவிட்டாள். சண்டை நின்றது. அன்றைக்கு இவள் அறையின் பாடு. ஸ்வேதா அது யார் முறை என்பதை மறந்துபோய் உள்ளே நுழைந்துவிட்டாள்... பாட்டோடு!

இதையெல்லாம் வார்டனுக்கு விளக்கினேன். அவர் சரித்திரப் பேராசிரியை. "பழவேற்காட்டு டச்சுக்காரனைப் பத்தி வருஷா வருஷம் நடத்தறேன். இது தெரியாமப் போச்சே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷி. பாடு அப்படியே இருக்கட்டும், கதவை மட்டும் உடைக்காதீர்கள் என்று இருவரையும் அனுப்பிவிட்டார்.

ஒன்று கவனித்தீர்களா? சுவரில் எழுதின ரூல் ஒவ்வொன்றையும் இந்தப் பிள்ளைகள் எப்படி மீறலாம் என்று பார்ப்பார்கள். அதே பிள்ளைகள் தாங்களே கூடிப் போட்ட ரூல் என்றால், 'தப்பு என் மேலதான்' என்று வார்டன் முன்னால் வந்து நிற்கிறார்கள்! எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

கேட் அருகே வந்தபோது வேலுவின் போன். அன்று ஏரிக்கே போகவில்லையாம் மனிதர். "இன்னாக்கா ஆச்சு? பொண்ண அனுப்பிடுறாங்களா?" என்று பதறினார்.

ரேவதி போனைப் பிடுங்கினாள். "அதெல்லாம் இல்ல நைனா. பாடு தகராறு, அவ்ளோதான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அங்கயுமா?"