சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

பிளஸ் டூ படிக்கையில் என்னைப் போல ஒரு கேடுகெட்ட பிள்ளை கோவில்பட்டியிலேயே இருந்திருக்க மாட்டாள். அப்பாவுக்குச் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ், தீப்பெட்டி செய்கிற பட்டறை. தெருவிலேயே முதல் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. திரையில் இங்கிலீஷ் ஓடினால் மகள் படிக்கிறாள், அவ்வளவுதான். வருகிறவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தி என் முதுகைக் காட்டுவார். நானோ இன்டர்நெட் சாட்டில் முகம் தெரியாத எவனிடமோ சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா வைத்த சோறு பக்கத்தில் காய்ந்து கிடக்கும்.

ஆறேழு மாதத்தில் தூக்கம் போய்விட்டது. காரணமில்லாமல் அழுகை. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். தோழி தேடி வந்தால் நான் இல்லை என்று சொல்லச் சொல்வேன். படித்துப் படித்து மகள் மெலிந்துவிட்டாள் என்று அப்பா ஊரெல்லாம் பெருமையடித்தார். பெருமையாம், மண்ணாங்கட்டி!

ஆயுத பூசை வந்தது. ஆபீஸ் மெஷின்களுக்கு வைத்த கையோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கீபோர்டு மேல் என் பாடப்புத்தகங்களை அடுக்கினார் அப்பா. மறுநாள் பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. மத்தியானத்துக்குள் அந்த அறை வாசலுக்குப் பத்துத் தடவை போய்வந்துவிட்டேன். உள்ளே போய் மாலையைப் பிய்த்து, புத்தகங்களைத் தரையில் தள்ளினேன். அம்மா வந்து கையைப் பிடித்தாள். பிடித்துத் தள்ளிவிட்டேன். கதவு நிலையில் மோதி அவள் நெற்றி கிழிந்தது. அப்போதும் நான், சீ, இன்டர்நெட் லைன் கிடைக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசைக்கு வந்திருந்த வியாபாரிகளோடு அப்பா ஓடிவந்தார். ரத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீயளா அண்ணாச்சி, பூசை அன்னைக்குக்கூட படிப்ப விட மாட்டேங்கா."

அம்மா தடுக்கி விழுந்துவிட்டாள் என்றும் அவரே சொன்னார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்கள். மானங்கெட்ட கூட்டம், அதில் முதல் ஆள் நான்.

எல்லோரும் போனபின் அம்மா நெற்றியில் மஞ்சளை அப்பிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். திட்டவில்லை.

"ஏட்டி, அதுக்குள்ள யாரு இருக்கா? எங்ககிட்ட பேசாதத அவியகிட்ட என்ன பேசுத?"

திரையில் அன்றைக்கு ஒருத்தன்தான் இருந்தான். மாசக்கணக்காக நான் பேசிக்கொண்டிருந்தவன். பேரையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் பேர் எனக்குத் தெரியவில்லை.