காப்பி சிந்தாத வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், முத்தையாபுரத்தில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்த ஒரு வேனின் எஞ்சினை இந்த வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் அடக்கியவள் நான். அடக்கிய மாத்திரத்தில் துறைமுகத்தில் நின்ற பதினொரு கப்பல்களும் சேர்ந்து சங்கு ஊதின.

சரி, கப்பல்கள் ஊதியது பொய். பதினொன்று என்பதும் பொய். அன்றைக்கு நின்றது இரண்டோ மூன்றோ. விரல் மட்டும் மெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவள் நான். ஒன்றைப் பதினொன்றாகச் சொன்னால்தான் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும்.

இதை எழுதும்போது பக்கத்தில் என் தம்பி பெண்டாட்டி பிளாரன்ஸ் கருவாடு ஆய்ந்துகொண்டிருக்கிறாள். எழுத எழுத வாசித்துக் காட்டுவதாக ஒப்பந்தம். இதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை.

கதை என் தம்பி அம்புரோஸைப் பற்றியது. மணப்பாட்டில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலைக்குப் போனவன். கல்யாணம் முடிந்த ஏழு வருஷத்தில் பிளாரன்ஸோடு இருந்தது மொத்தம் பதினாலு மாசம். லீவில் வந்தால் மத்தியானம் படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. காதுக்கு எஞ்சின் சத்தம் வேண்டும். பிளாரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து தையல் மிஷினை மிதித்தால் ஐந்தே நிமிஷத்தில் குறட்டை விடுவான். அவன் தூங்குவதற்காகவே அவள் எங்கள் தெரு முழுவதற்கும் தலையணை உறை தைத்துக் கொடுத்தாள். தலையணை இல்லாத வீட்டுக்கும் உறை போயிற்று.

எழுபத்து நான்கில், இனிக் கப்பல் வேண்டாம் என்று முத்தையாபுரத்தில் ஓலை ஷெட் ஒன்று போட்டு உட்கார்ந்தான். முதல் வேலையாக வந்தது உடன்குடி கருப்பட்டி வியாபாரி காசிலிங்கம் அண்ணாச்சியின் வேன். அதன் எஞ்சின் ஜாம் ஆகிப் போய், அண்ணாச்சி ஏலத்தில் எடுத்த ஒரு ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். "இத அதுல மாட்டித் தா" என்றார். அம்புரோஸ் நாலே நாளில் மாட்டினான். முதல் தடவை முடுக்கியபோது அது பூனைபோல உறுமியது. பத்து நிமிஷம்.

அப்புறம் நடுங்கத் தொடங்கியது. ரோட்டில் விரட்டினால் ஒரு குறையும் இல்லை. நிறுத்தி ஸ்லோவில் விட்டால்தான் உடம்பு தூக்கிப் போடும். டப், டப், டுப் என்று மிஸ்ஸடிக்கும். ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். அண்ணாச்சிக்கோ ஊர் ஊராக நிறுத்திக் கருப்பட்டி ஓலைக்கொட்டான் ஏற்ற வேண்டும்.

"ஏலே அம்புரோஸு, ஊருக்கு ஊரு எறங்கித் தள்ளுததுக்கு நான் மாட்டு வண்டியே வச்சுக்கிடுதேனே! மாடாவது நின்னா சும்மா நிக்கும்" என்றார். "சனிக்கிழம காலைல வாரேன். ஓடுத எஞ்சின் மேல ஒரு டம்ளர் காப்பி வைப்பேன். சிந்தலன்னா எங்கிட்ட உள்ள மூணு வண்டியும் காலாகாலத்துக்கும் உன் ஷெட்டுக்குத்தான். சிந்திச்சுன்னா நீ கப்பலுக்கே போயிரு தம்பி, அங்க எல்லாம் ஆடிக்கிட்டுத்தான் இருக்கும்."

அவர் விளையாட்டாகச் சொன்னது. ஆனால் கம்பெனியிலிருந்து உண்மையிலேயே கடிதம் வந்திருந்தது. பம்பாயில் கப்பல், இரண்டு வருஷ ஒப்பந்தம், ஞாயிற்றுக்கிழமை ரயில். வேறு வேலை எதுவும் ஷெட்டுக்கு வரவில்லை. அம்புரோஸ் டிக்கெட் எடுத்துவிட்டான். பிளாரன்ஸ் தகரப் பெட்டியைத் துடைத்து, அவன் சட்டைகளை மடித்து வைத்தாள். மடித்ததை எடுத்து மறுபடியும் மடித்தாள். நாலைந்து சட்டைக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

ஷெட்டில் அவன் அந்த எஞ்சினைப் படுத்திய பாடு! எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். எதைப் பிடுங்கினாலும் நடுக்கம் ஒரே மாதிரி கூடியது. அப்படியானால் நாலும் வேலை செய்கிறது. தனியாக ஒன்றின்மேல் பழி போட முடியாது. பாயிண்டைத் தேய்த்தான். டைமிங்கைத் திருப்பி வைத்தான். கார்புரேட்டரைக் கழற்றி மூன்று தடவை பெட்ரோலில் குளிப்பாட்டினான். எங்கள் ஞானஸ்நானத்திலும் தலையில் மூன்று தடவைதான் தண்ணீர்.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. "சோக்க இழுத்து விட்டா சமத்தா ஓடுது அக்கா. உள்ள தள்ளுனா ஆடுது."

"சோக்கு என்னல செய்யும்?"

"காத்தக் கொறைக்கும், பெட்ரோலக் கூட்டும்."

"அப்ப காத்துதான் கூடிப் போச்சு. எங்கயோ ஓட்டை" என்றேன். பூகோள டீச்சருக்குக் காற்று தெரியாதா?

"எல்லா ஜாயிண்டும் புதுசா கேஸ்கெட் வெட்டிப் போட்டிருக்கேன். ஓட்டைக்கு எங்க போவ?" என்று தலையைப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் பிளாரன்ஸும் தூக்குவாளியில் காப்பி கொண்டுபோனோம். வண்டி ஆடிக்கொண்டிருந்தது. அம்புரோஸ் அந்தப் பக்கம் குனிந்து திருப்புளியால் எதையோ திருகிக்கொண்டிருந்தான். எனக்கு அந்த டப் டுப்புக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. சூடான காப்பியை யாரோ பல்லிடுக்கில் உறிஞ்சுகிற சத்தம். யாரும் இன்னும் காப்பி குடிக்கவில்லை. எட்டிக் குனிந்தேன். முந்தானை சரிந்து எஞ்சின் மேல் விழுந்தது. விழுந்தது அப்படியே ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டது. வண்டியின் நடுக்கம் சட்டென்று நின்றது.

"ஏளா, சேல! ஃபேன்ல மாட்டிரும்!" என்று அம்புரோஸ் பாய்ந்து முந்தானையை இழுத்தான். வண்டி மறுபடியும் ஆடியது. முந்தானை ஒட்டிய இடத்தில், கார்புரேட்டருக்குக் கீழே, சுண்டுவிரல் தடிமனில் ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயை விரலால் பொத்தினேன். எஞ்சின் சாந்தமானது. எடுத்தேன், ஆடியது. பொத்தினேன், அடங்கியது. மூன்று தடவை! நாலாவது தடவை விரல் பொசுங்கியது.

அம்புரோஸ் குழாயைப் பார்த்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"மெழுகு! நான்தான் மெழுகு வச்சு அடச்சேன்!"

நடந்தது இதுதான். ஜீப்பில் கண்ணாடி துடைக்கும் வைப்பர், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தில் ஓடுவது. அதற்கான குழாய் அது. வேனுக்கு அந்த வகை வைப்பர் கிடையாது. எஞ்சினை மாட்டும்போது மணல் உள்ளே போகக் கூடாதே என்று, எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் பையில் வைத்திருக்கும் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயில் மெழுகுதிரித் துண்டை உருட்டி அதன் வாயில் அப்பியிருக்கிறான். காவலுக்குக் காவல், அடைப்புக்கு அடைப்பு. அப்புறம் மறந்துவிட்டான். முதல் பத்து நிமிஷச் சூட்டில் மெழுகு உருகி உள்ளே போய்விட்டது. அதுமுதல் அந்த வழியாகத்தான் களவாகக் காற்று. கப்பலின் டீசல் எஞ்சினில் இப்படி ஒரு உறிஞ்சல் கிடையாது. அதனால் அவன் புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை.

ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, மறுமுனையில் போல்ட்டைத் திணித்துக் கம்பியால் முறுக்கினான். வேலை முடிந்தது.

சனிக்கிழமை காசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். கழுத்து வரை கருப்பட்டிக் காப்பி ஊற்றிய டம்ளரை, ஓடுகிற எஞ்சின் மேல் தன் கையாலேயே வைத்தார். வைத்துவிட்டு வெற்றிலை போட்டார். மென்று முடித்தார். துப்பிவிட்டு வந்து பார்த்தார். காப்பியின் மேல் பாலேடு படிந்திருந்தது. விளிம்பில் ஒரு சொட்டு இல்லை.

"காப்பி ஆறிப் போச்சேலே" என்றார் குறையாக. "சரி, திங்கக்கிழம அடுத்த வண்டி வருது."

ஞாயிற்றுக்கிழமை ரயில் அம்புரோஸ் இல்லாமல் போயிற்று. சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின. பிளாரன்ஸ் அந்தத் தகரப் பெட்டி நிறைய நெத்திலிக் கருவாட்டைக் கொட்டி மூடினாள். அந்த வாடையோடு அதை எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். ஐந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அதில் கருவாடுதான் இருக்கிறது.

இத்தனையும் என் ஒரு விரலால். இந்த வரியை வாசித்துக் காட்டியதும் பிளாரன்ஸ் கருவாட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிச் சேலையில் துடைத்தாள். வலது கை ஆள்காட்டி விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுனியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு.

"உங்க விரலக் காட்டுங்க மதினி, பாப்போம். சேலயும் எஞ்சேல, விரலும் என் விரலு. நீங்க அன்னைக்கு வாளியத் தூக்கிக்கிட்டு ஷெட்டுக்கு வெளிய நின்னுல்லா, 'வெடிச்சிரும், வாளா வெளிய'ன்னு கத்துனிய."