திரியட்டும் தேங்காய்ப்பால்

விருத்தாசலத்தில் ரயில் மாற நேரம் இருப்பதால், சித்தப்பா மகள் ஸ்டெல்லா அக்கா வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். துபாயில் இருக்கும் அவர் மகன் கட்டிக்கொண்ட பிலிப்பைன்ஸ் பெண் ஜாய், இந்த வீட்டு அடுப்பில் இன்றுதான் முதல்முறையாக நிற்கிறாள். அவள் ஊர்ப் பலகாரம், வெல்லம் போட்ட அரிசிச் சோறு. அதன்மேல் போடுவதற்காகத் தேங்காய்ப்பாலை வாணலியில் காய்ச்சுகிறாள்.

பால் திரியத் தொடங்குகிறது. அக்கா பதறி வாணலியை இறக்குகிறார்.

"ஐயோ, திரிஞ்சிடிச்சே! புள்ள ஆசையா செஞ்சுதே!"

ஜாய் அவர் கையைப் பிடிக்கிறாள். "அத்தே, இதுதான் வேணும்." வாணலி மறுபடி அடுப்பில் ஏறுகிறது.

அக்கா என்னிடம் முறையிடுகிறார். "பாயசத்துல பாலு திரிஞ்சா எங்க மாமியா மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. இவ திரியட்டும்னு நிக்கிறா பாரு!"

"கொஞ்சம் வுட்டுப் பாப்போமேக்கா" என்று மட்டும் மெதுவாகச் சொல்கிறேன்.

எண்ணெய் பிரிந்து, பழுப்பு நிறத்தில் பொரிபொரியாகத் திரள்கிறது. ஜாய் ஒரு துணுக்கை ஊதி அக்காவிடம் நீட்டுகிறாள். அக்கா மென்று பார்த்துவிட்டு இன்னொரு துணுக்கைத் தானே எடுத்துக்கொள்கிறார். பிறகு பின்கதவைத் திறந்து பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறார்.

"வசந்தா, இங்க வந்து பாரேன்! எங்க மருமவ பால திரிய வெச்சே ஒண்ணு செய்யிறா!"